ஏரி இல்லை என்ற தீர்மானம்

நெட்டேரிப்பாக்கத்து ஏரி காணாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வெள்ளிக்கிழமை ஆனதால் பெண்களெல்லாம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து நிதானமாக அழலாம் என்றிருந்தார்கள். குளிக்க ஏரி இல்லாததால் அழுகை தள்ளிப்போனது, தள்ளிப்போனது பிறகு மறந்தும் போனது. வற்றிப்போன ஏரி என்றால் அடியில் சேறு இருக்கும், சேற்றில் நத்தைக்கூடு இருக்கும், வெடித்த களிமண் இருக்கும். இங்கே அதெல்லாம் கிடையாது. கரை இல்லை, மதகு இல்லை, கலங்கல் இல்லை, கரைமேல் வரிசையாக நின்ற பனைகளும் இல்லை. வேலிக்காத்தான் முளைத்த முந்நூறு ஏக்கர் மேட்டு நிலம், உலகம் உண்டான நாள் முதலாக நான் இப்படித்தான் கிடக்கிறேன் என்று கிடந்தது. நாரைகள் மூன்று நாள் அதற்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தன, நாலாம் நாள் மேல்நிலைத் தொட்டியின் மேல் வந்து உட்கார்ந்து பழகிக்கொண்டன. முந்தின நாள் சாயங்காலம் ஏரியில் குளித்தவர்களுக்கு மட்டும் ஒன்பது நாளைக்குத் தலை காயவில்லை. அவர்களும் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

ஏரியோடு தேசிங்கும் போனான். தேசிங்கு அஞ்சுகத்தின் புருஷன், மீன் குத்தகைக்காரரிடம் ஆளாக இருந்தவன், விடியற்காலையில் வலை எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கியவன். ஏரி போன நேரத்தில் அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்க வேண்டும். அஞ்சுகம் தூக்கில் டீயோடு போய், கரை இருந்த இடத்தில் நின்று, "யோவ், எங்கய்யா இருக்க?" என்று கூப்பிட்டாள். முன்பெல்லாம் கூப்பிட்டால் குரல் தண்ணீர்மேல் ஓடி அக்கரை வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அது முள்ளுக்குள் விழுந்து அங்கேயே கிடந்தது. அவன் முதல் நாள் பிடித்து வந்த கெண்டை குழம்பாகி வீட்டில் சட்டியில் இருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுச் சட்டிகளிலும் இருந்தது. இல்லாத ஏரியின் மீன் எப்படிச் சட்டிக்கு வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, சுடவைத்துச் சாப்பிட்டார்கள்.

காவல் நிலையத்தில் ரைட்டர் அவளை உட்காரவைத்துத்தான் விசாரித்தார்.

"எங்க காணாமப் போனாரு?"

"ஏரிலங்க."

"எந்த ஏரி?"

"எங்க ஊரு ஏரிங்க. நெட்டேரி."

அவர் போன் போட்டு யாரையோ கேட்டுவிட்டு, போனை வைத்தார். "ரெக்கார்டுல மேட்டு நிலம்னுதான் இருக்குதாம்மா. இல்லாத ஏரில மனுசன் எப்படி முழுகுவான்? வூட்ல சண்ட கிண்ட போட்டுக்கினு எங்கனா போயிருப்பான். ரெண்டு நாள் பாத்துட்டு வா."

"ஊரு பேர்லயே ஏரி இருக்குதுங்களே ஐயா."

"பேர்ல இன்னாம்மா இருக்குது? எம்பேரு கோடீஸ்வரன்" என்றார் ரைட்டர்.

அங்கிருந்து அவள் நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். செயலர் தணிகைவேல் நல்லவன். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பான், தாய் தகப்பனை வைத்துச் சோறு போடுகிறான், யாரையும் அக்கா அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். அவனைக் கெட்டவனாக்கி இந்தக் கதையைச் சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், அதற்கு வழியில்லை. அவன் பீரோவைத் திறந்து கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, விரலால் காட்டினான். இவ்வூராட்சியில் சர்வே எண் 214இல் ஏரி ஏதும் இல்லை எனவும், எக்காலத்திலும் இருந்ததில்லை எனவும் இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. அக்டோபர் இரண்டாம் தேதி, ஏரி போனதற்கு முந்தின நாள். கீழே நூற்றுப் பதினெட்டுக் கையெழுத்து. முதல் கையெழுத்து முத்து முத்தாக, அஞ்சுகம் தே.

"நீதானக்கா வாங்கியாந்த" என்றான் தணிகைவேல்.

அவள்தான் வாங்கிவந்தாள். நெட்டேரிப்பாக்கத்தில் கிராம சபை கூடுகிற முறை அது. தேதி வரும், தலைவர் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு டவுனுக்குப் போய்விடுவார், மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அஞ்சுகம் நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எழுதுகிறவள், எழுத்தும் நன்றாக இருக்கும், வீட்டுக்கு வீடு அவளைத் தெரியும். அதனால் பதிவேட்டின் வெற்றுப் பக்கங்களில் கையெழுத்து வாங்கிவரும் வேலை அவளுக்கு. மேலே பாதிப் பக்கம் விட்டுவிட்டுக் கீழே வாங்க வேண்டும், மேலே என்ன என்பதைச் செயலர் பிறகு நிரப்பிக்கொள்வார். சிலர் அதை நூறு நாள் வேலைக்கு என்று நினைத்துப் போட்டார்கள், சிலர் ரேஷனுக்கு என்று போட்டார்கள், பலர் எதற்கு என்றே நினைக்காமல் போட்டார்கள். ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன, பாடுபட்டால்தான் சோறு என்று சொல்லிக்கொண்டே போட்டார்கள். அஞ்சுகமும் அதைச் சொல்கிறவள்தான், ஒரு நாளைக்கு நாலு தரமாவது.

"இத்தினி வருசமா இந்தப் புக்குல எழுதறேன்க்கா" என்று தணிகைவேல் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "தெரு வெளக்கு போடணும்னு எழுதுனேன். சுடுகாட்டுக்கு ரோடு போடணும்னு எழுதுனேன். ஒண்ணாவது நடந்துதா? மேல இருந்து எழுதச் சொன்னாங்க, கம்பெனிக்கு எடம் வேணுமாம், எழுதுனேன். இது மட்டும் எப்படி நடந்துச்சின்னு எனக்கே வெளங்கல."

"அழிச்சிடு தணிகா. உங்கால்ல விழறேன்."

"அழிக்க முடியாதுக்கா. தீர்மானத்தத் தீர்மானம்தான் அழிக்கும். நூறு கையெழுத்துக்குக் கொறையாம வேணும்."

ஊர் அதற்குள் சமாளிக்கத் தொடங்கியிருந்தது. துவைக்கிற கல் போனவர்கள் பம்புசெட்டுக்கு மாறினார்கள், பம்புசெட்டில் தண்ணீர் இறங்கியபோது இன்னும் நூறடி ஆழமாகப் போட்டார்கள், அதுவும் இறங்கியபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்துவிட்டு வரிசையில் நிற்பவர்களோடு சம்பந்தம் பேசினார்கள். கரைமேல் இருந்த கரைகாத்த அம்மன் கரை போன பிறகு தரையில் நின்றாள், காக்க ஒன்றும் இல்லாமல் கையில் சூலத்தோடு நிற்பது பார்க்க ஒருமாதிரி இருந்ததால் பூசாரி அவளுக்கு நிலங்காத்தாள் என்று பெயர் மாற்றிக் கூழ் ஊற்றினார். கொசு குறைந்துவிட்டது என்றார்கள். பிள்ளைகள் முழுகிப் போகிற பயம் இல்லை என்றார்கள். நடவு இல்லாமல் போனவர்கள், கம்பெனி வரட்டும், வீட்டுக்கு ஒரு வேலை நிச்சயம் என்றார்கள். தேசிங்கைப் பற்றிக் கேட்டால், பாவம், நல்ல மனுசன், அவன் விதி அன்றைக்கு அங்கே போய் நின்றான் என்றார்கள். ஏரி இருந்ததில்லை என்று மட்டும் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. இருந்தது, இப்போது இல்லை, என்ன செய்வது என்றார்கள். இப்படி ஒரு ஊரை என்ன சொல்லித் திட்டுவது?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அஞ்சுகத்துக்கு வந்தது. வந்தபோது அவள் வீட்டுப் படியேறியவள் ஆரோக்கியமேரி ஒருத்திதான்.

மேரி துணி தைக்கிறவள், நாற்பதைத் தொடுகிற வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிராம சபை என்று அறிவித்த நாளிலெல்லாம் மெஷினை மூடிவைத்துவிட்டு, பேனாவும் நோட்டுமாகப் பள்ளிக்கூட மரத்தடியில் போய்த் தனியாக உட்கார்ந்திருப்பாள். கூட்டம் நடக்காது, நடக்கவில்லை என்று மனு எழுதிப் போடுவாள். ஊரில் அவளுக்கு மனு மேரி என்று பெயர். அக்டோபர் இரண்டாம் தேதி அஞ்சுகம் பதிவேட்டை நீட்டியபோது, "மேல ஒண்ணும் எழுதலியேக்கா, எதுக்குக் கீழ போடறது?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அஞ்சுகம் அதைப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பு மேரியின் காதுக்கும் போயிருக்கும். இருந்தும் வந்து பாயில் உட்கார்ந்து, "ஜனவரி இருபத்தாறு கிராம சபைக்கு இன்னும் மூணு மாசம் இருக்குதுக்கா. படிச்சிக் காட்டி வாங்குவோம். படிச்சிக் காட்டுனா போடமாட்டாங்களா?" என்றாள்.

போடமாட்டார்கள். அதை இரண்டு பேரும் வீடு வீடாகப் போய்த் தெரிந்துகொண்டார்கள். சர்வே எண் 214இல் ஏரி உண்டு, என்றும் உண்டு என்ற ஒற்றை வரியை மேரி நிறுத்தி நிதானமாகப் படிப்பாள், அஞ்சுகம் பேனாவை நீட்டுவாள். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பிறந்தது முதல் பார்க்காதவர்களெல்லாம் இப்போது கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்கள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்கள்.

"இது எந்தக் கட்சி சார்புல?"

"எந்தக் கட்சியும் இல்லண்ணா. ஏரி சார்புல."

"அப்ப பின்னால எவனோ இருக்கறான்" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார் அந்த அண்ணன்.

அடுத்த வீட்டில், "எம்புள்ள போலீசு வேலைக்கு எழுதியிருக்கான், இதுல எம்பேரு வந்தா வெரிஃபிகேசன்ல மாட்டிக்குவான்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள், காப்பி கொடுத்தாள், கையெழுத்து மட்டும், "அவரு வந்தப்புறம் கேட்டுட்டு" என்றாள். அவர் வந்த பிறகு போனால், "பொம்பளைங்க சமாச்சாரம், அவ வரட்டும்" என்றார். ஏரித் தண்ணீரில் மூன்று போகம் விளைவித்தவர், "ஏரி இருந்துச்சி, யாரு இல்லன்னா? இருந்ததுக்கு எதுக்கும்மா கையெழுத்து?" என்று நியாயம் பேசினார். மூன்று மாதத்தில் முப்பத்தொன்று கிடைத்தது. அதில் ஏழு பேர் பொங்கலுக்குள் வந்து, அடித்துவிடச் சொல்லி அடித்துக்கொண்டு போனார்கள். இருபத்தாறாம் தேதி மரத்தடிக்கு வந்தவர்கள் பதினோரு பேர், மிட்டாய்க்கு வந்த பிள்ளைகளைச் சேர்க்காமல். மேரி எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். போதிய ஆள் வராததால் கோரம் இல்லை என்று எழுதித் தணிகைவேல் பதிவேட்டை மூடினான்.

அன்றைக்குச் சாயங்காலம் அஞ்சுகம் மேரியிடம் கோபித்துக்கொண்டாள். "படிச்சிக் காட்டுனதாலதான் போடல. நான் சும்மா நீட்டியிருந்தா இந்நேரம் எரநூறு விழுந்திருக்கும்."

"விழுந்திருக்கும்க்கா. அப்படி விழுந்துதான ஏரி போச்சி?"

"எனக்கு ஏரி வேணாம் மேரி. எம்புருசன் வேணும்."

மேரி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மே ஒன்றாம் தேதிக்கு மறுபடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பிப்போம் என்றாள். சித்திரை வெயிலில் மேரி வீடு வீடாகத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். கலெக்டருக்கு எழுதினாள், அதற்கும் மேலே எழுதினாள், யாரோ ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து மேட்டு நிலத்தைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டும் போனார். தலைவர் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் தணிகைவேல் வேலைத்தளத்துக்கே வந்து அஞ்சுகத்தைத் தனியாகக் கூப்பிட்டான். கம்பெனிக்காரர்கள் வேறு மாவட்டத்தில் இடம் பிடித்துப் போய்விட்டார்கள், இனி ஏரி வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று என்றான். அதாவது தேசிங்கு ஏழு மாதமாக இல்லாமல் போனது யாருக்கும் எதற்கும் ஆகாமல் போன காரியம். அதை அவன் ஒரு நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னான்.

"தலைவரும் சரின்னுட்டாருக்கா. நீ எப்பவும் போல வாங்கியா. வெறும் பக்கமா. ஏரி உண்டுன்னு நானே எழுதறேன்."

"மேரிகிட்ட சொல்லட்டா?"

"சொன்னா அது விடுமா? படிச்சிக் காட்டுன்னு நிக்கும். மறுபடி முப்பத்தொண்ணுதான்."

அஞ்சுகம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கிறபோதெல்லாம் அவன் சட்டை இல்லாத கொடியைப் பார்த்து ஏழு மாதம் இருந்தவள் எவ்வளவு நேரம் யோசிப்பாளோ அவ்வளவு நேரம் யோசித்தாள். பிறகு, "அந்த ஒண்ணுதான எழுதுவ?" என்று கேட்டாள்.

"பக்கம் காலியா விட்டா தணிக்கைல கேள்வி வரும்க்கா. மிச்ச எடத்துல எதுனா போட்டு ரொப்பிடுவேன்."

அதையும் அவள் கேட்டாள். காது நன்றாகத்தான் கேட்டது. எதுனா என்றால் என்ன என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

மே ஒன்றாம் தேதி பகல் ஒரு மணிக்குள் இருநூற்று நாற்பது கையெழுத்து விழுந்தது. மூன்று மாதம் கண்ணாடி போட்டுப் படித்தவர்கள் எல்லாம், "என்ன அஞ்சுகம், நூறு நாள் வேலைக்கா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் போட்டுக் கொடுத்தார்கள். போலீஸ் வேலைக்கு எழுதியவன் அம்மா போட்டாள், வீட்டுக்காரர் வரட்டும் என்றவள் தனக்கும் அவருக்கும் சேர்த்துப் போட்டாள். மேரி வீட்டுச் சந்துக்குள் மட்டும் அஞ்சுகம் திரும்பவில்லை. மேரி அந்த நேரம் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, கூட்டம் ஆரம்பிக்கக் காத்திருந்தாள்.

மறுநாள் காலை ஏரி இருந்தது. அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னால், புரட்டாசியில் இருந்த அளவுக்கு, முக்கால் கரைக்குத் தண்ணீர் அலையடித்துக்கொண்டு இருந்தது. பனைகள் இருந்தன, மதகு இருந்தது. நாரைகள் தொட்டியை விட்டு இறங்கிப் போயின, பூசாரி அம்மனின் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார், அதற்கும் ஒரு கூழ் ஊற்றினார்கள். தேசிங்கு தோளில் வலையோடு கரையேறி வந்து, "டீ எங்கடி? எம்மாம் நேரமா பாக்கறேன்" என்றான். அவன் கூடையில் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. அஞ்சுகம் அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் வீடு வரைக்கும் கூட்டிவந்தாள். தெருவில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவன் கூச்சப்பட்டான். அவளுக்கு அந்த அரை மணி நேரம் இருந்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொன்னால் பாவம் வரும்.

அவனை உட்காரவைத்துவிட்டு அவள் மேரியிடம் சொல்லத்தான் ஓடினாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், காலில் வேண்டுமானாலும் விழலாம், முதலில் சொல்ல வேண்டும் என்று ஓடினாள். சந்தில் தாஸ் வீடு இருந்தது, அடுத்து ஜெயசீலி வீடு இருந்தது, நடுவில் மேரி வீடு இல்லை. இடித்த மண்ணோ காலி மனையோகூட இல்லை. தாஸ் வீட்டுச் சுவரே ஜெயசீலி வீட்டுச் சுவராக இருந்தது, அதில் ஐந்தாறு வருஷத்துச் சுண்ணாம்பு உரிந்திருந்தது.

"மேரி எங்க?" என்றாள்.

"இங்கதான் இருந்துச்சி" என்றாள் ஜெயசீலி, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். "காலைல இருந்து காணோம். என்ன பண்றது, அது வாய வச்சிக்கினு சும்மா இருந்துச்சா?"

தணிகைவேல் மறைக்கவில்லை. பதிவேட்டை எடுத்துக் காட்டினான். முதல் வரி, ஏரி உண்டு, என்றும் உண்டு. அடுத்த வரி, இவ்வூராட்சியில் ஆட்சேபணை உடையவர் எவரும் இல்லை என இக்கிராம சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.

"எல்லா ஊர்லயும் கடைசில போடற வரிதான்க்கா. ரொப்பறதுக்குப் போட்டேன். தலைவரும் அதயே போடுன்னாரு." அவன் கண் கலங்கித்தான் இருந்தது. "உனக்குத்தான் அண்ணன் வந்துட்டாரே."

அஞ்சுகம் நூறு நாள் வேலை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். ஆரோக்கியமேரி என்பவர் இவ்வூரில் உண்டு, அவருக்கு ஆட்சேபணை உண்டு என்று மேலே எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். இன்னும் தொண்ணூற்றொன்பது வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. முதல் வீடு தன் வீடுதான் என்று வந்தாள். தேசிங்கு முற்றத்தில் உட்கார்ந்து மீனை ஆய்ந்துகொண்டிருந்தான். அவன் முன்னால் நின்று, மேரி படிப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். ஏழு மாதத்தில் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டுப் பேனாவை நீட்டினாள்.

அவன் செதில் ஒட்டிய கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"நல்ல பொண்ணுதான், நான் இல்லன்னு சொல்லல" என்றான். "ஆனா இது அரசியலு. நமக்கு எதுக்குடி? தலைவரு நாளைக்கு மீன் குத்தகைல கை வச்சா என்ன பண்ணுவ?"

"உனக்காகத்தான்யா அவ தெருத்தெருவா அலைஞ்சா. உன்னத் தேடி வந்தவ அவ ஒருத்திதான்."

"என்ன எதுக்குத் தேடணும்?" என்றான் தேசிங்கு. அவன் கேலி செய்யவில்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் எங்கடி போனேன்? காலைல வல எடுக்கப் போனேன், எடுத்துக்கினு வந்தேன்."

தாளை மடித்து அவள் கையில் வைத்துவிட்டு அவன் மீனைப் பார்க்கத் திரும்பினான். அஞ்சுகம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஏரி போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.